பிரியாணிச் சட்டிக் கூரை

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்ததும் அண்ணாந்து பார்ப்பார்கள். பார்க்காமல் இருக்க முடியாது. கூரை முழுக்க வட்ட வட்டமாகக் குழிகள். ஒவ்வொரு குழியும் கவிழ்த்து வைத்த ஒரு மண்சட்டி. "இது என்ன டிசைன்?" என்று கேட்பார்கள். "பிரியாணி" என்பேன். அப்போது அவர்கள் முழிக்கிற முழி இருக்கிறதே, அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு வீடு கட்டலாம்.

இந்த வீட்டுக்கு முன்னால் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு கட்டிடத்தின் கடைசி மாடியில். தலைக்கு மேலே மொட்டைமாடி, அதற்கு மேலே சூரியன். "ஓசூரா? குளுகுளுன்னு இருக்குமே" என்று ஊரில் சொல்கிறவர்கள் எல்லோரையும் சித்திரை மாதத்தில் அந்த வீட்டு ஹாலில் உட்கார வைத்து வெளியே தாழ்ப்பாள் போட வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், ராத்திரியெல்லாம் அதைக் கக்கும். மின்விசிறியைப் போட்டால் அந்தச் சூட்டை எடுத்து நம் முகத்தில் அடிக்கும். நான் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். அவருக்கு ஒரு ஷிப்ட், எனக்கு ஒரு ஷிப்ட். இரண்டு பேரும் வெந்துபோய் வந்து, வீட்டிலும் வேகுவோம்.

அப்பா வந்தால்தான் பெரிய பிரச்சினை. அப்பா சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தனியாக இருந்தார், தானே பொங்கித் தின்றார். நான் ஒரே பிள்ளை. என்னோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டால், மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை என்று சொல்லிவிடுவார். அவர் சும்மா இருந்தாலும் என் பெரியப்பா சும்மா இருக்க மாட்டார். தம்பி, மகள் வீட்டுக்குக் கிளம்பினால் போதும், போன் போட்டு, எப்போது திரும்புகிறாய் என்று கேட்டுவிடுவார். அதனால் அப்பா வரும்போதே திரும்பிப் போகிற ரயிலுக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வருவார். அந்த டிக்கெட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாடி வீட்டு வெக்கை அவருக்கு நல்ல சாக்காகப் போய்விட்டது. ஈரத்துண்டை விரித்து ஹாலில் வெறும் தரையில் படுப்பார். மறுநாள், உங்கள் வீட்டு வேக்காடு தாங்கவில்லை என்று பையைத் தூக்கிவிடுவார். நானும் மறுத்துப் பேச முடியாது, உண்மைதானே. அப்புறம் ஒரு கோடையில் ஊர் வீட்டிலேயே மயங்கி விழுந்து கிடந்திருக்கிறார். பால் ஊற்றுகிற அக்கா பார்த்து எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை, லேசாகத் தலை சுற்றியது என்றார். எனக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். அன்றைக்கு முடிவு பண்ணினேன். இவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாத ஒரு வீட்டைக் கட்டியே தீருவது.

ஓசூரை ஒட்டிய சானமாவுக் காட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். காலையில் எழுந்ததும் யானை எங்கே நிற்கிறது என்று போனில் பார்த்துவிட்டுப் பாதை மாற்றிப் போகிற இடம். மற்றபடி நல்ல காற்று, நல்ல செம்மண். வீடு வரைந்து கொடுக்க ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, இதுவே உங்கள் சுவர் என்றார். சலித்த மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, மெஷினில் அழுத்திக் கல்லாக எடுத்து, தண்ணீர் தெளித்து ஆற வைத்தால் போதும். சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். அஸ்திவாரத்துக்குக் கிரானைட் குவாரியில் கழித்துப் போட்ட கற்கள். கிருஷ்ணகிரி ஜில்லாவில் அதற்கா பஞ்சம்!

சுவர் ஏற ஏற, பார்க்க வந்தவர்களின் வாயும் ஏறியது. பூசவில்லையா, கையைக் கடித்துவிட்டதா என்று என் வீட்டுக்காரரின் சொந்தங்கள் துக்கம் விசாரித்தார்கள். பூசாமல் விடத்தான் கட்டுகிறோம் என்று சொன்னால் நம்புவதாக இல்லை. கடைசியில், "ஆமா, பூசுறதுக்கு நீங்க வருவீங்கன்னுதான் காத்திருக்கோம்" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதன்பிறகு கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கூரைதான் முக்கியம் என்றார் இன்ஜினியர். காங்கிரீட் தளத்தில் பாரத்தைத் தாங்குவது மேலே இருக்கிற காங்கிரீட்டும் கீழே இருக்கிற கம்பியும். கம்பிகளுக்கு நடுவில், கீழ்ப்பாதியில் இருக்கிற காங்கிரீட் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் பழைய ஓடு, மண்சட்டி இப்படி எதையாவது வைத்துவிட்டால் சிமெண்ட் மிச்சம், கனம் குறைவு, சட்டிக்குள் நிற்கிற காற்று வெயிலைச் சட்டென்று கீழே விடாது. எங்கள் செக்‌ஷனில்கூடச் சும்மா தொங்கிக்கொண்டிருப்பவர்கள் சிலர் உண்டு, அவர்களுக்குப் பதிலாகவும் சட்டி வைக்கலாமா என்று கேட்டேன். இன்ஜினியர் நன்றாகச் சிரித்தார்.

சட்டி என்றதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாளா, பிள்ளை பிறந்ததா, பதவி உயர்வா, புது வண்டி எடுத்தார்களா, எதுவானாலும் சட்டி பிரியாணி வாங்கித் தர வேண்டும். ஹைவேயில் ஒரு கடை. ஆளுக்கொரு சின்ன மண்சட்டியில், மேலே மாவு ஒட்டி மூடிக் கொடுப்பார்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் புங்கமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பிடி பிடிப்போம். தின்று முடித்ததும் சட்டி பின்னாலிருக்கிற பள்ளத்துக்குப் போகும். அந்தப் பள்ளத்தில் ஒரு வீட்டுக் கூரையே குவிந்து கிடந்ததை அதுவரைக்கும் நான் கவனித்ததில்லை.

விஷயத்தைச் சொன்னதும் செக்‌ஷனே எழுந்து நின்றுவிட்டது. இருப்பதையெல்லாம் பொறுக்கினோம். போதவில்லை என்றதும் தின்றுதள்ள ஆரம்பித்தார்கள். உடம்பைக் குறைக்கிறேன் என்று வெள்ளரிக்காயோடு அலைந்தவர்கள்கூட, உன் வீட்டுக்காகத்தான் சாப்பிடுகிறேன் என்று என் தலையில் பழியைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். நாங்கள் தரப்பரிசோதனை ஆட்கள் வேறு. சட்டியெல்லாம் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு வந்து அளந்து, கொஞ்சம் கூடினாலும் ரிஜெக்ட் என்று ஒதுக்கினார்கள். கம்பெனிக்கு இப்படி அக்கறையாக வேலை செய்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் அவார்டு கிடைத்திருக்கும். என் பக்கத்து மேசைத் தோழி, கன்னடக்காரி, தன் பிறந்தநாள் சட்டியின் உள்பக்கம் ஆணியால் ஒரு பூவைக் கீறிக் கொடுத்தாள். சமையலறைக்கு நேர் மேலே வைக்க வேண்டும், வரும்போதெல்லாம் பார்ப்பேன் என்று கண்டிஷன்.

இதில் ஒரு சிக்கல் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை. அப்பா சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார். நாங்கள் கறி தின்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கறி ஆக்கின பாத்திரம் அவர் பக்கம் வரக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வரும்போது தனக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் பையிலேயே கொண்டுவருவார்.

காங்கிரீட் போடுவதைப் பார்க்க வாருங்கள் என்று கெஞ்சியதில் இரண்டு நாள் முன்பே வந்து சேர்ந்தார். வழக்கம்போல் திரும்புகிற டிக்கெட்டோடு. முதல் ஷிப்ட் முடிந்து நேராக மனைக்குப் போனேன். அங்கே அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, தேங்காய் நாரால் ஒவ்வொரு சட்டியாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவினதைத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார். ஊறாத சட்டி காங்கிரீட்டின் தண்ணீரைக் குடித்துவிடும் என்று மேஸ்திரி சொன்னாராம்.

"எல்லாம் தயிர்ச் சட்டியாமே, மாப்பிள்ளை சொன்னாரு. இம்புட்டுத் தயிரா சாப்புடுறீக?" என்றார் அப்பா.

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் திடீரென்று மண்கல்லை எண்ண ஆரம்பித்திருந்தார். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவக்கும். அன்றைக்கு இரண்டு காதும் செக்கச்செவேல். தனியாக இழுத்துக்கொண்டு போய் ஒரு பிடி பிடித்தேன். மாமா திடீரென்று கேட்டுவிட்டார், பயத்தில் வாயில் அதுதான் வந்தது என்றார். தளம் முடியட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். இந்த மனிதருக்கு மாமனார் என்றால் அப்படி ஒரு பயம். தயிர் என்ற வார்த்தை எங்கிருந்து கிடைத்தது என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

அன்று மாலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டைக் காட்டினேன். கூரைக்காக அடித்த பலகையும் முட்டுக்கம்புமாக உள்ளே நடக்க இடமில்லை. வடக்குப் பக்கத்து அறையில் போய் நின்றார். இரண்டு ஜன்னல், எதிரும் புதிருமாக. காற்று உள்ளே வந்து அவர் துண்டை ஆட்டிவிட்டுப் போனது.

"இது உங்க ரூமுப்பா" என்றேன்.

"விருந்தாளிக்குன்னு ஒரு ரூமு இருக்கது நல்லதுதான்" என்றார்.

போனிலும் இதே கதைதான். நான் உங்கள் ரூம் என்பேன், அவர் விருந்தாளி ரூம் என்பார். அதற்கு மேல் வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

காங்கிரீட் போட்ட அன்றைக்கு மனை கல்யாண வீடு மாதிரி இருந்தது. கலவை மெஷின் வந்து நின்றது. பீகார்ப் பையன்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு ஜல்லி அள்ளினார்கள். எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் வாராந்திர லீவை அதற்கென்று மாற்றிப் போட்டுக்கொண்டு யூனிபார்ம் இல்லாமல் கலர்கலராக வந்து நின்றார்கள். மேலே கம்பிக் கட்டங்களுக்கு நடுவில் சட்டிகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. எல்லாம் அப்பா கழுவியவை, பளிச்சென்று இருந்தன. மேஸ்திரி ஹால் பக்கத்திலிருந்து கலவையைக் கொட்டிக்கொண்டு வந்தார். அப்பாவும் மேலே ஏறி, நகர்ந்த சட்டிகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அம்மா போன பிறகு நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் என் தோழி ஏணியில் ஏறி வந்தாள். சமையலறைப் பக்கம் தன் சட்டியைத் தேடினாள். கவிழ்த்து வைத்திருந்ததால் எது என்று தெரியவில்லை. கழுவினது யாரென்று யாரோ சொல்ல, நேராக அப்பாவிடம் போய்விட்டாள்.

"அப்பா, உள்ள பூ போட்ட சட்டி ஒண்ணு பாத்தீங்களா? அது நம்ம பர்த்டே சட்டி."

"பாத்தேன்மா. அந்தா, மூணாவதா இருக்கு. பெறந்தநாளைக்குத் தயிரா சாப்பிட்ட?" என்றார் அப்பா.

"தயிரா? மட்டன் பிரியாணிப்பா. இது எல்லாமே பிரியாணிச் சட்டிதானே."

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அப்பா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். இரண்டு நாளாக அவற்றையெல்லாம் தேய்த்துக் கழுவிய கைகள். பிறகு ஏணியில் இறங்கினார்.

என் வீட்டுக்காரரின் காதைப் பார்க்க எனக்கு நேரமில்லை. வேலையைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். "ஆவாது மேடம். நடுவுல நிறுத்துனா ஜாயிண்ட் உட்டு ஒழுவும்" என்றார். சரி, வடக்கு அறையையாவது கடைசியாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அப்பா பின்னாலேயே ஓடினேன். பையைத் தூக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். இவ்வளவும் கட்டி, கடைசியில் இந்தச் சட்டியாலேயே போகப்போகிறார்.

தட்டும் டம்ளருமாக அப்பாவின் பை மனையிலிருந்த சிமெண்ட் ஷெட்டில் இருந்தது; அவர் அங்கே போகவில்லை. வடக்கு அறைக்குள், முட்டுக்கம்புகளுக்கு நடுவில் நின்று, மேலே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்ப்பா."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு பேசினார்.

"ஹால்ல, அடுப்படில என்னமும் இருந்துட்டுப் போகட்டும். சாப்புடுறவுக நீங்க. என் ரூமு மேல மட்டும் அது வேண்டாம் பாப்பா. தெனமும் படுத்துக்கிட்டு நான்ல அதைப் பாக்கணும்."

நான் தலையாட்டினேன். வேறு சட்டிக்கு எங்கே போவது என்றுதான் மனசு ஓடியது. குயவர் யார் இருக்கிறார்கள், இந்த நேரத்துக்கு ஓடு கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டே வாசல்வரை வந்துவிட்டேன். வாசலில்தான் அவர் சொன்ன வார்த்தை என்னைப் பிடித்து நிறுத்தியது. என் வீட்டுக்காரர் பயந்துபோய் எதிரே வந்தார். மாமா என்ன சொன்னார் என்று கேட்டார்.

"என் ரூமுன்னு சொன்னாரு."

"யார் ரூமு?"

"அவர் ரூமு. தெனமும்னு சொன்னாரு."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. மனிதர் என்னையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபத்தில்தான் சொன்னார், ஆனாலும் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் கெஞ்சி வராத வார்த்தையை ஒரு மட்டன் பிரியாணி வரவழைத்துவிட்டது.

வழி சொன்னதும் அப்பாதான். மாப்பிள்ளை தயிர்ச் சட்டி என்று சொன்னாரே, தயிர்ச் சட்டி என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்று கேட்டார். பாகலூர் ரோட்டில் ஒரு ஸ்வீட் கடையில் சின்னச் சட்டியில் தயிர் விற்பார்கள் என்றேன். "அப்ப வண்டிய எடுங்க" என்றார். மாமனாரும் மருமகனும் பைக்கில் ஏறிப் போனார்கள். திரும்பி வரும்போது பைக் முன்னால், பின்னால் ஷேர் ஆட்டோ, ஆட்டோ நிறைய தயிர். கடையைக் காலி பண்ணிவிட்டு வந்திருந்தார்கள்.

அதற்குள் கலவை சமையலறையைத் தாண்டியிருந்தது. தயிரைக் கீழே கொட்டவும் மனசு வராது, சட்டியோ உடனே வேண்டும். எல்லோரும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நான் சத்தம் போட்டேன். மணல்மேட்டில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு மூன்று சட்டி. பீகார்ப் பையன்கள் முறை வைத்துக்கொண்டு இறங்கி வந்து சாப்பிட்டார்கள், சர்க்கரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். விஷயத்தை உடைத்த என் தோழி, தன் பாவத்துக்குத் தானே சாப்பிட்டுத் தீர்க்கிறேன் என்று எல்லோரையும்விட அதிகம் சாப்பிட்டாள். அப்பா நடுவில் நின்று பந்தி விசாரித்தார். "மெதுவாச் சாப்புடுங்க, சட்டிய உடைச்சிராதீக" என்று சொல்லிக்கொண்டே காலிச் சட்டிகளை வாங்கித் தொட்டியில் அலசினார். எங்கள் ஆட்கள் தயிர் வாயோடு ஸ்கேலை எடுத்து உயரம் அளந்தார்கள். ஒன்றுகூட ரிஜெக்ட் இல்லை. இதை ஊற வைக்க வேண்டாமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "தயிரு கெடந்த சட்டி மேடம், ஏற்கெனவே குடிச்சிட்டுத்தான் இக்குது" என்றார்.

வடக்கு அறையின் மேலிருந்த பிரியாணிச் சட்டிகளைக் கைமாற்றி இறக்கினோம். தயிர்ச் சட்டிகள் மேலே போயின. அப்பா கடைசியாகத் தானும் ஒரு சட்டித் தயிர் சாப்பிட்டார். அந்தச் சட்டியை மட்டும் யாரிடமும் கொடுக்காமல், தானே அலசி எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். தலைமாடு எந்தப் பக்கம் வரும் என்று கீழே எட்டிப் பார்த்து, கட்டில் கணக்குப் போட்டு, அந்த இடத்தில் கவிழ்த்து வைத்தார். அப்புறம்தான் மேஸ்திரியைக் கலவை கொட்ட விட்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இப்ப நீங்க சொன்னது நெசமாயிருச்சு மாப்பிள்ளை" என்றார். காது மறுபடியும் சிவந்தது, இந்த முறை வேறு காரணத்துக்காக.

மறுநாள் அவருக்கு ரயில். காலையில் மனைக்குப் போனபோது அவர் மேலே, தளத்தில் மண்ணால் பாத்தி கட்டிக் குழாயில் தண்ணீர் நிறுத்திக்கொண்டிருந்தார். டிக்கெட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. புது காங்கிரீட்டைக் காயவிட்டு எங்கே போவது என்று அவராகவே சொன்னார். தளம் ஆறியது. பலகையைப் பிரிக்கும்போது யார் நிற்பது என்றார். பலகையும் பிரித்தாயிற்று. கதவுக்கு யார் எண்ணெய் போடுவது என்றார். பழைய சாக்குகளைத் தேடிய மனிதர் புதுச் சாக்குகளைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்று சிரித்துக்கொள்வேன்.

குடிவந்து முதல் சித்திரை வந்தது. வெளியே தார் ரோடு கொதிக்கிறது, அப்பா மதியம் போர்வை தேடுகிறார் என்று சொன்னால் கொஞ்சம் அதிகப்படியாக இருக்கும். ஆனால் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தூங்கினார், அது சத்தியம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஹாலை நான் காட்டுவேன், வடக்கு அறையை அவர்தான் காட்டுவார். அங்கிட்டெல்லாம் பிரியாணி, இங்கிட்டு மட்டும் தயிர் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார்.

அந்தச் சித்திரையில் ஒருநாள் பெரியப்பா போன் செய்தார். நான் வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனை எப்போதும் சத்தமாக வைத்துக்கொள்வார். மகள் வீட்டில் இன்னும் எத்தனை நாளைக்குடா உட்கார்ந்திருப்பாய், ஊர் என்ன பேசும் என்று பெரியப்பா கேட்டது எனக்கும் கேட்டது. கையில் இருந்த துணியோடு அவர் அறைக் கதவருகே போனேன்.

அப்பா கட்டிலில் படுத்து மேலே பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

"மக வீட்ல எங்கண்ணே இருக்கேன்? நான் என் ரூமுல இருக்கேன்."